கணுக்காலுக்கு நாம் போட்ட டீ-டான்

இன்று காலை பார்லரைத் திறந்ததும் பெடிக்யூர் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டேன். ஆவி எழுந்தது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். துப்பட்டாவை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இவ்வளவு கொதிக்கக் கொதிக்க யாரு காலை அவிக்கப் போற?" என்று கேட்டபடி. முதல் கஸ்டமர் வர இன்னும் நேரமிருந்தது. தண்ணீர் பதமாக ஆறும்வரை உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். பாதி வாய்விட்டே பேசினேன். கீழே செருப்புக் கடைக்காரர் காதில் விழுந்திருந்தால் விழட்டும். மீதியை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த மாடி அறையை நாம் பிடித்தபோது இரண்டு பேருக்குமே முப்பது ஆகவில்லை. பியூட்டீஷியன் கோர்ஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்பதைத் தவிர நமக்குள் ஒரு பொருத்தமும் இல்லை. உன் தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். என் வீட்டார் அதற்கும் முன்பே வேலூர்ப் பக்கமிருந்து கண்டோன்மென்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். உனக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், எனக்குச் செவ்வாய்க்கிழமை முருகன். உன் திருநெல்வேலித் தமிழில் தக்கினி உருது கலந்து நீ பேசியதை வேறெந்த ஊரிலும் யாருக்கும் புரியவைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது 'நக்கோட்டி'. 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் சொல்லும் நக்கோவோடு உங்கள் ஊர் 'ட்டி'யை ஒட்டி நீயே செய்துகொண்ட சொல். டீ வேண்டுமா என்றாலும் நக்கோட்டி. டாக்டரிடம் போகலாமா என்றாலும் நக்கோட்டி.

முடி வெட்டுவதும் கல்யாண மேக்கப்பும் உன் பங்கு. ஃபேஷியலும் பெடிக்யூரும் என் பங்கு. அதாவது நான் நாளில் பாதி நேரம் ஸ்டூலில் இருப்பேன், நீ காலையிலிருந்து இரவு பூட்டும்வரை நின்றே இருப்பாய். கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டால் உன் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நகரவே மாட்டாய்.

ஒரு மழை நாளில்தான் முதன்முதலில் பார்த்தேன். தெருவெல்லாம் தண்ணீர். சல்வாரை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நீ முன்னால் இறங்கி நடந்தாய். உன் கெண்டைக்காலில் பச்சையாக, கயிறு முறுக்கிவிட்டதுபோல் நெளிந்து நெளிந்து ஏறியிருந்தது.

"இது என்னடி?" என்றேன்.

"இதா? நரம்பு சுருட்டிக்கிட்டு. சின்னவன் வயித்துல இருக்கும்போது வந்தது. எங்க அம்மைக்கும் உண்டு. சொத்துன்னு ஒண்ணும் தரலை, இதையாவது தந்தாளேன்னு வச்சிக்கிட வேண்டியதுதான்."

தண்ணீருக்கு நடுவில் நின்று சிரித்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. வருடங்கள் போயின. சாயங்காலமானால் கால் இரண்டும் சிமெண்டு மூட்டை என்பாய். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்பாய். காலையில் வீக்கம் வடிந்திருக்கும். வடிந்ததும் நீயும் மறந்துவிடுவாய்.

பிறகு கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுக்க ஆரம்பித்தது. செருப்பு வார் படாத இடம். வெயில் படாத இடம். ஆனால் நீயும் நானும் அழகுக்கலை நிபுணர்கள் அல்லவா, பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டோம்: வெயில் கறுப்பு, அதாவது டான்!

"ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் பளபளன்னு ஆக்கிட்டு, என் கால் அடுப்புக்கரி மாதிரி கெடந்தா எவ நம்ம கடைக்கு வருவா?" என்று கால் நீட்டி உட்கார்ந்தாய். ஆள் வராத மதியங்களில் உன் கணுக்காலுக்குக் கறுப்பை எடுக்கும் டீ-டான் பேக் போட்டேன். காய்ந்ததும் ஸ்க்ரப் வைத்துத் தேய்த்தேன். கறுப்பு அசையவில்லை. "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று அடுத்த கம்பெனி டப்பாவை உடைத்தோம். அதற்கும் அசையவில்லை. தோல்தான் காகிதம்போல் மெலிந்து, அரிக்க ஆரம்பித்தது. அரித்த இடத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. பிளாஸ்டர் ஒட்டி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டாய். ஹைதராபாத்தின் மே மாதத்தில் சாக்ஸ்!

"ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

"நக்கோட்டி. நிக்காதேம்பான். நான் நிக்காம எப்படி முடி வெட்ட? படுத்துக்கிட்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கடை உனக்கு வெறும் வருமானம் இல்லை. கத்தரிக்கோலோடு நிற்கும்போதுதான் நீ நீயாக இருந்தாய். அதை யாராவது பறித்துவிடுவார்கள் என்கிற பயம் உன் காலைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது.

அப்புறம் அந்தக் குகட்பள்ளிக் கல்யாணம்.

தெலுங்குக் குடும்பம். முற்பகல் முகூர்த்தம். ஃபங்ஷன் ஹாலின் மணமகள் அறையில் காலையிலிருந்து உன் வேலை. கல்யாணப் பெண் டாக்டருக்குப் படித்து, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நீ அவளுக்கு ஒரு கண்ணை முடித்துவிட்டு நிமிர்ந்தாய். நான் பின்னால் நின்று பூஜடை தைத்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது வெள்ளை டைல்ஸில் சிவப்புச் சிவப்பாகப் பாதத் தடங்கள்.

அவர்கள் வழக்கப்படி பெண்ணின் பாதத்தில் பூச பாராணி என்று ஒரு சிவப்புச் சாயம் கரைத்து வைத்திருந்தார்கள். அதைத்தான் யாரோ தட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். "பாராணி கொட்டிருக்கு, பட்டுப்புடவை பத்திரம்!" என்று தெலுங்கில் கூவினேன். பெண்ணின் சித்தி ஜன்னலைக் காட்டினார். கிண்ணம் தளும்பத் தளும்ப அங்கேயே இருந்தது.

எல்லோரும் உன் காலைப் பார்த்தோம். சாக்ஸ் நனைந்து, செருப்பு நிறைந்து, நீ நின்ற இடம் குளமாகியிருந்தது. நீ மட்டும் மை பென்சிலைக் கையில் பிடித்தபடி, "என்னட்டி, ஏன் எல்லாரும் என்னையே பாக்கிய?" என்றாய்.

முதலில் எழுந்தவள் கல்யாணப் பெண்தான். பாதி தைத்த ஜடை முதுகில் ஆட, ஒரு கண்ணில் மையும் மறு கண் வெறுமையுமாக, சோபாவில் அடுக்கியிருந்த சீர்த்தட்டுகளை ஒரே தள்ளாகத் தள்ளினாள். உன்னைப் படுக்க வைத்து, காலை இரண்டு தலையணைமேல் உயர்த்தி, சுத்தமான துண்டை மடித்துத் தன் மருதாணிக் கையாலேயே அழுத்திப் பிடித்தாள்.

"ஏம்மா, உன் பட்டு!" என்று பதறினாய்.

"பட்டு கிடக்கட்டும் ஆன்ட்டி. வலிக்குதா?"

"ஒண்ணும் வலிக்கலையே."

"அதனாலதான் உங்களுக்குத் தெரியலை. ரத்தக் குழாய் வீங்கி வீங்கித் தோலுக்கு அடியிலேயே வந்து உடைஞ்சிருக்கு."

அவள் சொன்னது தெலுங்கும் ஆங்கிலமுமாக. எனக்கு நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. மெல்ல சாக்ஸைக் கழற்றி, பிளாஸ்டரைப் பிரித்து, அந்தக் கறுப்பையும் புண்ணையும் பார்த்தாள். முகம் மாறியது.

"அது வெயில்ல கறுத்ததும்மா" என்று நீ முந்திக்கொண்டாய்.

"சாக்ஸுக்குள்ள எப்படி ஆன்ட்டி வெயில் வரும்? இதுக்கு என்ன போட்டீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். நான்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "டீ-டான்."

அவள் சிரிப்பை உதட்டில் கடித்து அடக்கியது நன்றாகத் தெரிந்தது. பிறகு பொறுமையாக விளக்கினாள். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். ஏறியது கீழே விழாமலிருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை தளர்ந்துபோனால் ரத்தம் இறங்கிக் காலிலேயே தேங்கும். தேங்கியது கசிந்து தோலில் கறையாகும், கறை புண்ணாகும். "உள்ளேயிருந்து ஊறுற கறையை வெளியே தேய்ச்சா போகுமா?"

வெளியே கல்யாணச் சன்னாயி மேளம் வேகமெடுத்தது. அவள் அம்மா கதவைத் திறந்தார். மகள் ஒற்றைக் கண்ணோடு தரையில் மண்டியிட்டிருக்க, மேக்கப்காரி மணமகள்போல் சோபாவில் மல்லாந்திருப்பதைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் மேளமே ஒரு தாளம் தவறியது.

பெண் அசையவில்லை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சத்தியம் பண்ணுங்க ஆன்ட்டி. இல்லேன்னா இந்த ஒரு கண்ணோடதான் மண்டபத்துக்குப் போவேன்."

"நாங்க சத்தியம் பண்ணக் கூடாதும்மா, வேதத்துல இருக்கு. எங்களுக்கு ஆமான்னா ஆமாதான்."

"அப்ப ஆமா சொல்லுங்க."

நீ விட்டத்தைப் பார்த்தாய். நக்கோட்டி வரப்போகிறது என்று நான் பயந்தேன். "ஆமா" என்றாய். அந்த அம்மா ஏனென்றே தெரியாமல் கைகூப்பினார்.

உன்னை எழ விடாததால் இரண்டாவது கண்ணை நான் எழுதினேன். நீ படுத்தபடியே கமென்டரி கொடுத்தாய். "தூக்குட்டி, வாலைத் தூக்கு, ஐயோ, அது மீசை!" அந்தக் கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் இரண்டு கண்களும் அக்கா தங்கைபோல் இருக்கும். ஒரே முகம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் நான்தான் உன்னை செகந்திராபாத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப்போனேன். சொன்ன சொல்லுக்காக வந்தாயே தவிர வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாய். ஸ்கேன் எடுப்பதற்கும் உன்னை நிற்க வைத்தார்கள். "பாத்தியா, இங்கயும் நிக்கத்தான் சொல்லுதான்" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி முணுமுணுத்தாய்.

டாக்டர் சாந்தமான மனிதர். "எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார்.

"என் சின்னவன் பொறக்கும்போது வந்தது."

"பையன் எந்த கிளாஸ் படிக்கிறான்?"

"இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குப் போறான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இத்தனை வருஷம் ஏன் வரலை?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "நிக்காதேன்னு சொல்லிருவீங்கன்னு பயம் சார். நின்னாத்தான் என் தொழில்."

"நான் நிக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "நடங்கன்னு சொல்வேன். ஒரே இடத்துல நிக்காம நாலடி நடந்துட்டு வந்து வெட்டுங்க. நடுவுல காலைத் தூக்கி வச்சு உட்காருங்க. கதவு கெட்டுப்போன குழாயை நாங்க அடைச்சிடுவோம். தொழிலை விடச் சொல்லி யார் சொன்னது?"

வெளியே வந்து தூணில் சாய்ந்து நின்றாய். அழுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. "இதுக்காட்டி இத்தனை காலம் ஒளிச்சேன்? நடக்கணும், அவ்வளவுதானா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாய். அழுகை முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வாசலில் மிர்ச்சி பஜ்ஜி வேண்டும் என்றாய்.

லேசர் சிகிச்சை பெரிய விஷயமாக இருக்கவில்லை. மரத்துப்போக ஊசி, தொடையில் ஒரு குத்து, அன்று சாயங்காலமே கட்டோடு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாய். பாடுபடுத்தியது புண்தான். அதற்கு மட்டும் மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. வாரா வாரம் போய் இறுக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். கொஞ்சம் ஆறும், மறுபடி ஈரம் காணும், மறுபடி ஆறும். கறுக்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால் இந்தப் புண்ணே வந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் படுத்துக்கொண்டு எத்தனை முறை திருப்பித் திருப்பிச் சொன்னாய்! நான் தனியாகக் கடை நடத்தினேன். பாப் கட் கேட்டு வந்தவர்கள் என் கைவண்ணத்தைப் பார்த்துவிட்டு உன் உடல்நலத்தை மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள்.

புண் ஆறி நீ திரும்ப வந்த முதல் நாள், தொட்டிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் நீ உட்கார்ந்துகொண்டு, "காலைக் காட்டு" என்றாய்.

"எதுக்கு? எனக்கொண்ணும் இல்லை. நக்கோ."

"என் நக்கோவை எனக்கே திருப்பித் தாரியா? காட்டுட்டி."

என் முட்டிக்குப் பின்னால் சிலந்திவலைபோல் நீலமாக இருந்ததை நீதான் கண்டுபிடித்தாய். அன்றைக்கே கூட்டிப்போனாய். அதே டாக்டர், அதே ஸ்கேன். எனக்கு அழுத்தமான நீளக் காலுறையும் தினசரி நடையும் போதுமென்றார், வருடத்துக்கொரு முறை வந்து காட்டச் சொன்னார். "நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க" என்று அவர் சொன்னதற்கு நீ எழுந்து நின்று நன்றி சொன்னாய். பரீட்சையில் பாஸானது உன் மகள்போல. என் கால்கள் இன்றுவரை இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கின்றன.

அதன் பிறகு நம் கடைக்கு வந்த யார் காலும் உன்னிடமிருந்து தப்பவில்லை. உப்பல் பக்கம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. புருவம் திருத்த வந்தவளிடம், வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சல்வாரைத் தூக்கச் சொன்னாய்.

"கைக்கு, எதுக்கு அக்கா? ஐப்ரோ கால்லயா இருக்கு?"

"ஹவ், ஆமா, இன்னைக்கு உனக்குக் கால்லதான் இருக்கு. தூக்கு."

கோபித்துக்கொண்டு ஒரு புருவத்தோடு எழுந்து போகப் பார்த்தாள். வாசலை மறித்து, உன் கணுக்காலின் தழும்பைக் காட்டினாய். டீ-டான் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாய், என்னையும் சேர்த்து மானத்தை வாங்கினாய். சிரித்துச் சிரித்து அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளும் நேரத்தோடு போய்ப் பார்த்துக்கொண்டாள். அடுத்த முறை இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். அதன் பிறகு அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருவராகப் புருவம் திருத்த வர, நீ ஒவ்வொருவரின் காலையும் பார்த்தாய்.

உன் சர்ச் பாடகர் குழுவையும் விடவில்லை. நின்றுகொண்டே பாடுகிறோமே என்று, பாட்டின் தாளத்துக்குக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கப் பெண்கள் வரிசைக்கே பழக்கினாய். ஒரு கிறிஸ்துமஸுக்கு நானும் வந்திருந்தேன். முன்னால் நின்ற அத்தனை பெண்களும் அலைமேல் படகுபோல் ஏறி இறங்கிக்கொண்டே பாடினார்கள். போதகர் ஐயர் இது ஏதோ புது பாணி என்று நினைத்து, ஆண்களையும் செய்யச் சொன்னாராமே!

போன வருடம் மழை தொடங்கிய வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாய். இதயம் என்றார்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உன் மகன் டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்து என்னிடம் சொன்னான். எனக்கு அது தேவையாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை நின்று, நடந்து, முடி வெட்டிவிட்டுத்தான் போயிருந்தாய். நீ பயந்ததுபோல் யாரும் உன் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. சொல்ல நீ இல்லாத பிறகு நடந்தது. சில மாதங்களாக எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. வயதாகிறது என்று நினைத்தேன். கேட்காததற்கெல்லாம் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். காதில் மெஷின் மாட்டிய பார்லர்காரியிடம் யார் வந்து ரகசியம் பேசுவார்கள்? பேச்சில்லாமல் பார்லர் எது? வீட்டில் இவரிடம்கூடச் சொல்லவில்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பெண் ஃபேஷியலுக்குப் படுத்தபடி ஏதோ சொன்னாள். வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். அவள் சொன்னது, அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்பது. மன்னிப்புக் கேட்டு அவளை அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று மனசு சொன்னது. எழுந்து கடையைப் பூட்டிக்கொண்டு, அடுத்த தெருவிலிருக்கும் காது டாக்டரிடம் போனேன்.

அழுக்காம். வெறும் அழுக்கு! கட்டியாகி அடைத்திருந்ததை எடுத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நடுங்கினீங்க?" என்றார் அந்தச் சின்னப் பெண் டாக்டர். சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். தெருவில் கால் வைத்ததும் ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்க என் காதுக்குள் வந்து விழுந்தது. ஆட்டோக்காரர்களின் ஹாரன், இரும்புக் கடையில் தகரம் வெட்டுகிற சத்தம், ட்யூஷன் விட்டு வந்த பிள்ளைகளின் தெலுங்குச் சண்டை, எங்கோ ஒரு குக்கரின் விசில். இந்த ஊர் இவ்வளவு சத்தமானது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஓரமாக நின்று ஆசை தீரக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இவர் ஹாலில் இருந்தார். டாக்டரிடம் போய்வந்ததைச் சொன்னதும், "என்ன? எப்போ? ஏன் சொல்லலை?" என்று வழக்கமான உரத்த குரலில் கேட்டார்.

"கத்தாதீங்க, கேக்குது" என்றேன்.

"நீயா போனே? தனியா? இதுக்குமேலயும் தள்ளிப்போடாம?"

நான் உன் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.